பின்னோக்கி ஓடும் தீர்ப்பு

எங்கள் நீதிமன்றத்துக்கு வரும் பழைய சட்டத்துக்கு இரண்டு முடிவுகள்தான் உண்டு. படிப்பது ஒன்று, வெட்டுவது இன்னொன்று. ஊழியர்கள் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளும் சொற்கள்தான் இவை. ஆனாலும் "இன்னிக்குப் படிப்பா, வெட்டா?" என்று கேட்டால் நெடுமேடையில் எவருக்கும் புரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நெடுமேடை, கடலுக்கு மேல் இரும்புக் கால்களில் நிற்கும் ஊர். பதினாறு மேடைகள், அவற்றை இணைக்கும் பாலங்கள், அறுபதாயிரம் பேர். நிர்வாகக் குழு என்ற ஒன்பது பேர் எங்களை முப்பத்தொரு வருடம் ஆண்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் போனார்கள். அதற்கடுத்த வருடம் அரசியலமைப்பு வந்தது. ஆட்சி போன அன்றே அதன் சட்டங்களும் போய்விடுவதில்லை. நானூற்றுப் பன்னிரண்டு சட்டங்களையும் ஒரே நாளில் கடலில் எறிந்தால், மறுநாள் காலை குடிநீர் வால்வைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்பதற்குக்கூட விதி இருக்காது. அதனால் அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒரு பழைய சட்டத்தை இந்த அரசியலமைப்போடு பொருந்தும்படி படிக்க முடியுமானால், அப்படியே படிக்க வேண்டும். முடியாதபோது மட்டுமே அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். முன்னது படிப்பு, பின்னது வெட்டு.

நீதிபதிகள் அறையில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அன்றுவரை அதில் இருந்த கணக்கு: படித்தவை பதினொன்று, வெட்டியவை பூஜ்யம். எங்களுக்கு அந்தப் பூஜ்யத்தின்மேல் பெருமை அதிகம். குழுவினர் எதையும் வெட்டித்தான் பழகியவர்கள். நாங்கள் படிப்பவர்கள்.

நான் அங்கே பதிவுப் பொறியாளர். பெயர் நிலோபர். தீர்ப்பின் கடைசிப் பத்தியான உத்தரவைக் குடிப்பதிவு என்ற இயந்திரத்துக்குள் ஏற்றுவது என் வேலை. உத்தரவை மட்டும்தான். யார் என்ன சொன்னார், என்ன நடந்தது என்று தீர்ப்பில் வரும் மற்றப் பக்கங்களை இயந்திரம் படிக்காது. பாலக் கதவுகள், படகுத்துறை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் குடிப்பதிவைக் கேட்டுத்தான் ஒருவரை உள்ளே விடும்.

அந்த இயந்திரத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். அது எதையும் நம் வாயிலிருந்து ஏற்காது. தன் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொல்லும். தொழில், உறவு, முகவரி, எல்லாம் பட்டியல்தான். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கையால் எழுதலாம்: பிறந்த இடம். எங்கள் பெண்களில் பலர் படகிலும் பாலத்திலும் பாதி வழியிலும் பெற்றெடுத்தவர்கள். அதற்கெல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்து, எனக்கு முன்னிருந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாவது வழக்கு இன்னாசியுடையது.

இன்னாசி கடலுக்கடியில் வெல்டிங் செய்தவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வேலைநிறுத்தக் கடிதத்தில் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவரைக் காணவில்லை. பதினாறு மேடைகளுக்கும் அப்பால், வரைபடத்திலிருந்து குழு அழித்துவிட்ட பழைய எண்ணெய் மேடை ஒன்றில் ஒன்பது வருடம் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைப் பதினேழாம் மேடை என்றார்கள்.

இதில் குழு வெளிப்படையாக எந்தப் பொய்யும் எழுதவில்லை. நீண்டநாள் இன்மைச் சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. மூன்று வருடம் இருப்பிடம் தெரியாதவர் இறந்தவராகக் கருதப்படுவார். கடலில் போன மீனவர்களின் குடும்பங்களுக்காக எழுதிய சட்டம். குழு ஆளை ஒளித்துவைத்தது. மூன்று வருடம் முடிந்த அன்று குடிப்பதிவு தானாகவே அவரை முடித்தது. வீட்டுக்கு ஒரு தாள் போனது.

வெளியே வந்த பிறகும் இன்னாசி இரண்டு வருடம் இறந்தவராகவே இருந்தார். மச்சானின் படகில் படுக்கை. வழக்குக்கு வந்ததும் மச்சான் பெயரில், சரக்காக.

"அறுபத்திரண்டு கிலோன்னு சீட்டு போட்டிருக்கான்," என்று படகுத்துறைச் சீட்டை என்னிடம் காட்டிச் சிரித்தார். "கருவாட்டுக்குப் போடுத அதே சீட்டு. நல்லவேளை, மூட்டையில கட்டல."

அவருடைய வழக்கறிஞர் கோமதிநாயகத்தின் வாதம் அழகாக இருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, இருப்பிடம் தெரியாதவர்னு சட்டம் சொல்லுது. யாருக்குத் தெரியாதவர்? பூட்டினவனுக்குச் சாவி எங்க இருக்குன்னு தெரியும். ஆள் எங்க இருக்கார்னு தெரியாதா? அரசே ஒளிச்சு வச்ச ஒருத்தருக்கு இந்தச் சட்டம் என்னிக்குமே பொருந்தாது. அப்படிப் படிச்சா சட்டமும் பிழைக்கும், என் கட்சிக்காரரும் பிழைப்பார்."

அரங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமை நீதிபதி சங்கரவடிவும் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த அம்மா எழுத ஆரம்பித்தால் படிப்புதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது. முந்தைய பதினொன்றும் கூட்டம் கூடுவது, துண்டறிக்கை ஒட்டுவது பற்றிய சட்டங்கள். அவற்றைப் படித்தபோது பழைய தண்டனைகள் ஒவ்வொன்றாக அழிந்தன, ஊரே கைதட்டியது. இது சாவைப் பற்றிய சட்டம். ஒரு சாவுக்குப் பின்னால் எத்தனையோ நடந்துவிடுகின்றன. இடைவேளையில் குடிப்பதிவின் நகல் ஒன்றை எடுத்து, அந்த வாசிப்பை ஏற்றி ஓட்டினேன். இதற்கு ஒத்திகை என்று பெயர் வைத்திருக்கிறோம். அதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை. நாற்பது நிமிடம் ஓடியது. வந்த பட்டியலோடு நீதிபதியின் அறைக்குப் போனேன்.

"உக்காரு. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அம்மா, நீங்க சதுரங்கம் ஆடுவீங்கல்ல?"

"தோப்பேன். சொல்லு."

"பலகையில காய் எங்க நிக்குதுன்னு குடிப்பதிவு எழுதி வைக்காது. ஒவ்வொரு நகர்த்தலையும்தான் எழுதி வைக்கும். யாராவது ஒருத்தரைப் பத்திக் கேட்டா, முதல் நகர்த்தல்லேருந்து ஆடிப் பார்த்து, இப்ப இங்க நிக்கார்னு சொல்லும்."

"சரி."

"நீங்க ஒரு சட்டத்தை வெட்டினா, இன்னிக்குத் தேதியிலேருந்து அந்த விதி கிடையாது. அவ்வளவுதான். நேத்து வரைக்கும் ஆடினது ஆடினதுதான். படிச்சா அப்படி இல்ல. குதிரை என்னிக்குமே இப்படித்தான் நகரும்னு சொல்றீங்க. அது முதல் நகர்த்தலுக்குப் போயி மறுபடி ஆடும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுதானே நியாயம்? அவர் சாகவே இல்லைன்னு ஆகணும். அதுக்குத்தானே வந்திருக்கார்?"

"ஆகும்மா. செத்ததா இருந்த எட்டு வருசமும் திரும்ப வந்துரும். ஆனா அவர் சாகலைன்னா அவர் மனைவி செலஸ்தீன் விதவை இல்ல. ஏழு வருசத்துக்கு முன்னால கஸ்பார்ங்கிறவரைக் கட்டினாங்க; அது கல்யாணம் இல்லைன்னு ஆகும். இரட்டை மணத் தடைச் சட்டம் இன்னும் உசிரோட இருக்கு, அதனால குற்றம்னும் ஆகும். அவங்களுக்கு ஒரு பொண்ணு, ரெஜி. ஆறு வயசு." பட்டியலை அவர் முன் தள்ளினேன். "பதிவான கல்யாணத்துல பிறக்காத குழந்தைன்னா இன்னொரு பழைய சட்டம். வகை: விருந்தினர். தொண்ணூறு நாள்ல ஊரை விட்டுக் கரைக்குப் போகணும்."

"கரையில அவளுக்கு யார் இருக்கா?"

"யாரும் இல்ல. அந்தப் பிள்ளை கரையையே பார்த்ததில்ல. இதே மாதிரி இன்னும் நாப்பத்திரண்டு பிள்ளைக."

அவர் பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"அந்த விருந்தினர் சட்டமும் கேவலமான சட்டம்தான். ஆனா அது என் முன்னால வரல. யாரும் வழக்குப் போடாத சட்டத்தை நான் தொட முடியாது."

"இன்னிக்கு முதல் மட்டும் இப்படிப் படிக்கணும்னு எழுத முடியாதாம்மா? தேதி போட்டு ஏத்துறது எனக்கு ரெண்டு நிமிச வேலை."

"உனக்கு ரெண்டு நிமிசம். எனக்கு முடியாது நிலோபர்." சற்றுக் கோபமாகவே சொன்னார். "படிக்கிறதுன்னா, இதுதான் இதோட பொருள், என்னிக்கும் இதுதான்னு சொல்றது. நேத்து ஒரு பொருள், இன்னிக்கு ஒரு பொருள்னு சொன்னா நான் சட்டம் படிக்கல, சட்டம் போடுறேன். அது பேரவையோட வேலை. சுற்றறிக்கை போட்டுப் போட்டுச் சட்டத்தோட பொருளை மாத்தினவங்க யாருன்னு உனக்கே தெரியும்."

"அப்ப வெட்டிரலாம். வெட்டுக்குத் தேதி உண்டு."

"வெட்டினா இன்னாசிக்கு என்ன ஆகும்?"

அதையும் ஓட்டிப் பார்த்திருந்தேன். சொல்லத்தான் தயங்கினேன். "நேர்ல வந்து நிக்கிறதால, இன்னிலேருந்து உயிரோட இருப்பார். ஆனா எட்டு வருசத்துக்கு முன்னால செத்தது செத்ததாவே இருக்கும். அங்க கடைசி ஆறு வருசம் அடைபட்டது யாருமே இல்லைன்னு ஆகும். செத்தவரை யாரும் பூட்டி வைக்க முடியாது. அதனால அந்தக் காவலாளிக மேல வழக்கும் நிக்காது."

"குறைஞ்சது அவர் அந்த மேடையில இருந்தார்னு பதிவுல சேர்க்கலாமே?"

"பதினேழாம் மேடை இடப்பட்டியல்லயே இல்லம்மா. குழு நீக்கிட்டாங்க. பட்டியல்ல இடம் சேர்க்கப் பேரவை சட்டம் போடணும். இதோட ரெண்டு தடவை அந்த மசோதா தோத்துருச்சு."

சங்கரவடிவு கரும்பலகையைப் பார்த்தார். "படிக்கிறதுதான் மென்மையான வழின்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தோம்," என்றார்.

ஒத்திகைப் பட்டியலை இரு தரப்புக்கும் கொடுக்க உத்தரவிட்டார். செலஸ்தீனுக்கும் கஸ்பாருக்கும் அழைப்புப் போனது.

அடுத்த வாய்தா அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர்கள் நால்வரையும் பார்த்தேன். ஒத்திகையைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல நானும் அங்கே நிற்க வேண்டியிருந்தது. இன்னாசி ஒரு பெஞ்சில். செலஸ்தீனும் படகோட்டி உடுப்பில் கஸ்பாரும் எதிர்ப் பெஞ்சில். நடுவில் ரெஜி, தரையின் கட்டங்களில் ஒற்றைக் காலில் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"பல்லு விழுந்துட்டோ?" என்று இன்னாசி அவளிடம் கேட்டார்.

"ரெண்டு." வாயைத் திறந்து காட்டினாள். "ஒங்களுக்கு?"

"எனக்கு நாலு." அவரும் காட்டினார். அவள் தோற்றதை ஒப்புக்கொண்டு தாண்டப் போய்விட்டாள்.

இன்னாசி செலஸ்தீனைப் பார்க்காமல் பேசினார். "வக்கீலுட்ட சொல்லிட்டேன். படிக்க வேண்டாம். வெட்டச் சொல்லிரும்னு."

"யாரு கேட்டா ஒம்மள?" செலஸ்தீன் வெடித்தாள். "விட்டுக் குடுக்காராம். பெரிய தியாகி! நாளைக்கு ஊருல என்ன சொல்லுவாவ? இன்னாசி அவ பிள்ளைக்காவச் செத்துக்கிட்டான்னு சொல்லுவாவ. நான் அதைச் சுமக்கணுமா?"

"பொறவு என்னட்டி செய்யச் சொல்லுத?"

"எனக்குத் தெரியல." அவள் குரல் இறங்கியது. "மூணு வருசம் துறையில வந்து வந்து நின்னேன். பொறவு தாளு வந்துச்சு. தாளை நம்பினேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

"தாளை நம்பாம என்ன செய்வ? அரசாங்கத் தாளுல்லா."

கஸ்பார் அதுவரை தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் கரைக்குப் போயிருதேன். நீங்க படிக்கச் சொல்லுங்க."

"நீ கரையில போயி என்னலே பண்ணுவ? பஸ்ஸுல ஏறினாலே ஒனக்கு வாந்தி வருமாமே, மச்சான் சொன்னான்."

கஸ்பார் சிரித்துவிட்டார். செலஸ்தீன் சிரிக்கவில்லை. இன்னாசி கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அந்த ஆறு வருசம் வேணும், கஸ்பாரு. அதைப் பொய்யாச் சொல்ல மாட்டேன். எங்கூட ஆறு பேரு அங்கனயே செத்தாவ. பதிவைக் கேட்டா, செத்தவன் எப்பிடிச் சாவான்னு கேக்குது. நான் வழக்குப் போட்டது எனக்காவ மட்டும் இல்ல." ரெஜி இருந்த பக்கம் திரும்பினார். "ஆனா பெறந்த ஊரை விட்டு ஒரு பிள்ளையப் பிடிச்சு வெளியே அனுப்புத வேலை இருக்கே, அது குழுக்காரனுவ செஞ்ச வேலை. என் பேரைச் சொல்லி நடக்கக் கூடாது."

உள்ளே அழைத்தார்கள். அவர் எழுந்து இரண்டே வாக்கியம் சொன்னார். "வெட்டிருங்கம்மா. எனக்குச் சம்மதம்."

"நீங்க சம்மதிக்கிறதால நான் வெட்ட முடியாது, இன்னாசி," என்றார் சங்கரவடிவு. "படிக்கவே முடியாதுன்னு ஆனாத்தான் வெட்ட முடியும். ஒன்பதாம் பிரிவு அப்படி. பதினஞ்சு நாள் கொடுங்க. அதுக்குள்ள நீங்க அங்க இருந்த ஒன்பது வருசத்தையும் விடாமச் சொல்லணும். நாள் நாளாச் சொன்னாலும் சரி."

இன்னாசி சொன்னார். முழுதாக எட்டு நாள் சொன்னார். அவருடைய வார்த்தைகள் பதிவாவதை நீதிபதி தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு நூற்று அறுபது பக்கம். அதில் நூற்று முப்பது பக்கம் பதினேழாம் மேடை: எந்தக் கதவு, எந்தக் காவலாளி, இறந்த ஆறு பேரின் பெயர்கள், எந்தத் திசையில் உடலைக் கடலில் இறக்கினார்கள் என்பதுவரை. இயந்திரம் படிக்காத பக்கங்கள் அவை. "இவற்றை மனிதர்கள் படிக்க வேண்டியிருக்கும்" என்று நீதிபதி எழுதியிருந்தார். பிறகு சட்டத்துக்கு வந்தார். ஒரு வாசிப்பு அரசியலமைப்போடு பொருந்துகிறதா என்பதை அதன் சொற்களை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. அந்த வாசிப்பு ஓடி நிற்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாற்பத்து மூன்று குழந்தைகளை அவர்கள் ஊரிலேயே விருந்தினராக்கும் வாசிப்பு பொருந்தாத வாசிப்பு. ஆகவே இந்தச் சட்டத்தைப் பொருந்தும்படி படிக்க வழியில்லை. இன்று முதல் செல்லாது.

வாசித்து முடித்து அறைக்குள் வந்த சங்கரவடிவு, சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று எழுதினார்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உத்தரவை ஏற்றினேன். பன்னிரண்டு பத்துக்கு இன்னாசி உயிரோடு இருந்தார்.

எப்படி உயிரோடு என்பதை மறுநாள் காலைதான் கவனித்தேன். என் முகப்பில் இன்னாசி ஒரு சீட்டோடு நின்றார். பின்னால் செலஸ்தீன், கஸ்பார், ரெஜி.

"இது என்னம்மா? ஆறு வாரத்துல தடுப்பூசிக்கு வரணும்னு வந்திருக்கு. தாய்ப்பால் குடுக்குத முறைன்னு ஒரு படமும் போட்டிருக்கு."

திரையைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. இறந்தவர் திரும்பி வருவதற்குக் குடிப்பதிவில் விதி கிடையாது. ஒரு ஆள் புதிதாக உள்ளே வர அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "நீங்க நேத்து மதியம் பிறந்திருக்கீங்க," என்றேன். "இதை நான் முன்கூட்டியே பார்த்திருக்கணும். பேரவைக்கு எழுதித் திருத்த அஞ்சு மாசமாவது ஆகும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் இவரு கைக்குழந்தையா?" செலஸ்தீன் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது.

"கதவு திறக்கும், மருத்துவமனையில சேர்ப்பாங்க. ஆனா பாதுகாவலர்னு ஒருத்தர் கையெழுத்து வேணும்."

கஸ்பார் முன்னால் வந்து பேனாவை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை.

"அப்பா, அப்ப இவரு எனக்குத் தம்பியா?" என்றாள் ரெஜி.

"ஆமாக்கா," என்றார் இன்னாசி.

படிவத்தை ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். எல்லாம் பட்டியலிலிருந்து. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது வழக்கம்போலக் கேட்டேன். நேற்று அவர் நின்றது ஐந்தாம் மேடை நீதிமன்றம் என்பதால் அதையே எழுத விரலையும் வைத்துவிட்டேன்.

"பிறந்த இடம்?"

இன்னாசி திரையை எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பட்டியல் இல்லையோ?"

"இல்ல. நாமளே எழுதிக்கலாம்."

அவர் அந்தக் காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்.

"பதினேழாம் மேடைன்னு எழுதுங்க."

எழுதினேன். இயந்திரம் மறுக்குமோ என்று காத்திருந்தேன். அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று எங்கள் பெண்கள் எப்போதோ அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். அந்த வாரத்துக்குள் அத்தனை பேரும் என் முகப்புக்கு வந்துவிட்டார்கள். யாரிடமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று குடிப்பதிவிடம் பதினேழாம் மேடை எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு இடம் இல்லை என்று சொல்லும். அங்கே யார் பிறந்தார்கள் என்று கேட்டால், முப்பத்தெட்டுப் பெயர்களையும் வரிசையாகச் சொல்லும்.